நாற்பது மீட்டர் கயிறு

ஜீப்புக்கு முன் பம்பரும், சேற்றில் மாட்டினால் கயிறு போட்டு இழுக்கிற வின்ச்சும் மாட்டுவதற்கென்று கோபியிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் வருகிறவர்கள் பொதுவாகப் பிள்ளைகளைக் கூட்டி வருவதில்லை. மோகன்குமார் கூட்டி வந்திருந்தான். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. பின்சீட்டில் எட்டு வயது கனிஷ்கா இரண்டு மணி நேரமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். தகரக் கொட்டகை போட்ட பஷீரின் கடை வாசலில் வண்டி நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே வெல்டிங் புகை. சுவரோரமாக இரும்பு பம்பர்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன.

"ஏனுங்க, பாப்பாவையுமா இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தீங்க?" என்றார் பஷீர். ஐம்பது வயது மனிதர், வாய் ஓயாது. "பால் சொல்லட்டுமா கண்ணு?"

"வேண்டாமுங்க, ரொம்ப நன்றிங்க" என்றாள் கனிஷ்கா.

மோகன்குமாருக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்கு வேறு பெருமை கிடையாது. தென்னந்தோப்பு அப்பா வைத்தது, ஜீப் பாங்க் கொடுத்தது. மகளின் மரியாதை மட்டும் அவன் வளர்த்தது. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லாமல் படி இறங்கக் கூடாது. பால்காரருக்கும் உண்டு, ஊசி போட்ட டாக்டருக்கும் உண்டு. போன மாதம் பங்காளி பொங்கியண்ணன் இறந்த வீட்டில், கண்ணாடிப் பெட்டியில் கிடந்தவரைப் பார்த்தே "போயிட்டு வாரேனுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டாள். அவன் மனைவி கீதா பதறிப்போய் மகளின் வாயைப் பொத்தினாள்.

"எழவு ஊட்டுல வாரேன்னு சொல்லக் கூடாது கண்ணு. சொல்லாமத்தான் போகோணும்."

"ஏனுங்கம்மா?"

"திரும்பி வாரேன்னு வாக்குக் குடுத்த மாதிரி ஆயிரும்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மோகன்குமாருக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று கீதாவிடம் சொல்லவில்லை. கீதாவிடம் சொல்லாத விஷயம் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பஷீர் முதலில் பெரிய பம்பரைக் காட்டினார். முகம் முழுவதையும் மூடுகிற குழாய் வளையம். "பார்க்க கெத்தா இருக்கும். ஆனா ரோட்டுல போனீங்கன்னா போலீசு ஃபைன் போட்டுருவாங்க."

"எனக்குக் கட்டையா வேணுமுங்க. சரிவுல எறங்குனா மூக்கு இடிக்கக் கூடாது."

"எவ்ளோ சரிவு?"

மோகன்குமார் கையைச் சாய்த்துக் காட்டினான். சரியாக ஒரு வாய்க்கால் கரையின் சரிவு. பஷீர் தடித்த தகட்டில் செய்த குட்டை பம்பரை இழுத்துப் போட்டார். நடுவில் வின்ச் உட்காரத் தொட்டி மாதிரி இடம், கீழே இரண்டு கொக்கி வளையம். அதையே போடச் சொல்லிவிட்டான்.

அடுத்தது வின்ச். இரும்புக் கம்பி சுற்றியதா, கயிறு சுற்றியதா என்று கேட்டார் பஷீர். கம்பிக்கு ஆயுசு ஜாஸ்தி, கல்லில் உரசினாலும் தாங்கும். ஆனால் அறுந்தால் ஆளை வெட்டிவிடும். கயிறு லேசு, தண்ணீரில் மிதக்கும்.

"மிதக்குமுங்களா?"

"மிதக்குமுங்க."

"அப்போ கயிறே இருக்கட்டுமுங்க. நாப்பது மீட்டர் வேணும்."

பஷீர் சிரித்தார். "கயிறு சுத்தற டிரம்முல இருவத்தெட்டுதான் அடங்கும். நாப்பது எதுக்குங்க?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க. எல்லாரும் காட்டுக்கு, மலைக்குன்னு பொதுவா வாங்குவாங்க. நீங்க ஏதோ ஒரே எடத்தை மனசுல வெச்சுட்டு வாங்கற மாதிரி இருக்குது."

மோகன்குமார் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். இருபத்தெட்டுக்கே தலையாட்டினான்.

ஒரே இடம்தான். கீழ்பவானி வாய்க்கால் கரையில், அவன் தோப்புக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் வளைவு. போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில் அந்த வழியாக வந்தபோது ஒரு வெள்ளைக் கார் நடுத் தண்ணீரில் விழுந்து கிடந்த மரமொன்றில் சிக்கி நின்றது. ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே நீண்டிருந்தது. கை நிறையச் சிவப்பு வளையல். முப்பது வயதுப் பெண் ஒருத்தி அவனைப் பார்த்துக் கத்தினாள். மோகன்குமாருக்கு நீச்சல் தெரியாது. வண்டியில் கயிறு இல்லை. போனில் சிக்னல் இல்லை. கரையில் நின்று கத்தினான்: "இருங்கம்மணி, ஊட்டுக்குப் போய் கயிறு எடுத்துட்டு வாரேனுங்க!"

அவள் தலையாட்டினாள். அதை அவன் மறக்கவே இல்லை.

கயிற்றோடு திரும்புவதற்குள் கார் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்படித்தான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். மூன்று நாள் கழித்துக் கீழே மதகில் உடல் கிடைத்தது. அவன் அங்கே நின்றது யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வருடமாக வாய்க்கால் மேட்டு வழியை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறான்.

மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஆரஞ்சு நிறக் கயிறு. டிரம்மை ஒட்டிய அதன் கடைசிச் சுற்றுகளில் பஷீர் சிவப்பு பெயிண்ட் அடித்தார். "இந்தச் சிவப்பு கண்ணுல பட்டா நிறுத்தீரோணும். அதுக்கு மேல உட்டா டிரம்முல இருந்து புடுங்கீட்டு வந்துரும். இன்னொண்ணு, புதுக்கயிறைச் சும்மா சுத்தக் கூடாது, பாரம் குடுத்துத்தான் சுத்தோணும்."

கொட்டகையின் தூணில் கொக்கியை மாட்டி, வண்டியை முழுக் கயிற்றுக்கும் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். ஒயர் ரிமோட்டை மோகன்குமார் கையில் பிடித்து அழுத்தினான். வின்ச் முனகிக்கொண்டு கயிற்றைச் சுருட்ட, ஜீப் அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்தது.

கடைசிப் பத்தடி கயிறு நனைந்திருந்தது.

பஷீர் தொட்டுப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. "எங்கிருந்து தண்ணி?" என்று மோந்தும் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

மோகன்குமார் மோந்து பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. புதுத் தண்ணீர் வந்த வாய்க்காலின் சேற்று வாடை.

"போயிட்டு வாரேனுங்க மாமா" என்று பஷீரிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள் கனிஷ்கா.

சத்தி தாண்டும்போது தூறல் பிடித்தது. மணி நாலுகூட ஆகவில்லை, ஆனாலும் வானம் மங்கிவிட்டது. ஊர்ப் பிரிவில் வண்டியை வழக்கம்போல இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவன் கை வலப்பக்கம் ஒடித்தது. ஒருமுறை அந்த இடத்தில் கயிற்றோடு போய் நின்றுவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தான். பாவம், அப்படித்தான் நினைத்தான்.

வாய்க்கால் நிறையத் தண்ணீர். சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. விழுந்த மரம் இன்னும் அங்கேயே கிடந்தது.

"எதுக்குங்கப்பா இங்க நிறுத்தறீங்க?"

"ரெண்டு நிமிசம் கண்ணு. கீழ எறங்காத."

கரையோரம் போய் நின்றான். காற்று இல்லை. தவளைகூடக் கத்தவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அழுகையாக வரும் என்று காத்திருந்தான். வந்தது வேறு ஒரு சத்தம்.

சர்ர்ர் என்று கயிறு ஓடுகிற சத்தம்.

திரும்பினான். பம்பரில் மாட்டியிருந்த கொக்கியைக் காணோம். ஆரஞ்சுக் கயிறு டிரம்மிலிருந்து உருண்டு, புல் மேல் ஊர்ந்து, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை. யாரோ கையால் இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நிதானமாகப் போனது.

மிதக்க வேண்டிய கயிறு தண்ணீருக்குள் மூழ்கிப் போனது.

சிவப்பு பெயிண்ட் வரும் என்று பார்த்தான். இருபது மீட்டர். இருபத்தைந்து. இருபத்தெட்டு. சிவப்பு வரவில்லை. டிரம் சுழன்றுகொண்டே இருந்தது. கயிறு நேராக அந்த மரத்தை நோக்கிப் போனது. கரையிலிருந்து அங்கே எத்தனை தூரம் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? எத்தனையோ நாள் கனவில் எட்டு வைத்து அளந்திருக்கிறான்.

நாற்பதில் நின்றது.

கயிறு விறைத்தது. வின்ச் தானாகவே முனக ஆரம்பித்தது. பஷீர் கடையில் முனகிய அதே முனகல்.

ஜீப் நகர்ந்தது.

"அப்பா!"

ஓடிப்போய்க் கதவை இழுத்தான். திறக்கவில்லை. கனிஷ்கா உள்ளிருந்து தள்ளினாள். அதுவும் பலிக்கவில்லை. முன்பக்கம் பாய்ந்து ரிமோட் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். வின்ச் நிற்கவில்லை. கயிற்றை விடுவிக்கிற லீவரை இரண்டு கையாலும் திருகினான். இத்தனை பாரத்தில் அது எப்படித் திரும்பும்? உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது. பம்பருக்குத் தோள் கொடுத்துத் தள்ளினான். முன் சக்கரங்கள் சரிவில் இறங்கின. மூக்கு இடிக்கவில்லை. இடிக்காத பம்பராகப் பார்த்து வாங்கியவன் அவன்தானே.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மகளின் முகம். அவனால் ஒன்றும் முடியவில்லை. அன்றைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

"உட்டுருங்கம்மணி" என்று தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டான். "கொழந்தைங்க. ஒண்ணும் அறியாதுங்க."

வின்ச் முனகியது.

"நான் வந்தேனுங்க... கயிறு எடுத்துட்டு வந்தேன், நீங்கதான்..."

ஜீப் ஒரே இழுப்பில் ஒரு முழம் இறங்கியது.

பொய் அங்கே செல்லவில்லை.

"வரலைங்க!" என்று கத்தினான். "நான் வரவே இல்லைங்க. கயிறு கையிலதான் இருந்துச்சு. ஊட்டுக் கட்டில்ல உக்காந்துட்டு இருந்தேன். பயமாப் போச்சுங்க. தண்ணியைப் பார்த்துப் பயந்துபோட்டேன். விடிஞ்சுதான் வந்தேனுங்க. நீங்க எவ்ளோ நேரம் பார்த்துட்டு இருந்தீங்களோ, எனக்குத் தெரியாதுங்க..."

முனகல் நின்றது.

கயிறு தளர்ந்தது. தளர்ந்து, மெல்ல மேலே வந்து, மிதந்தது.

கதவு தானாகத் திறந்துகொண்டது. ஏறி உட்கார்ந்து, பெடலை மிதித்து, நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்து ஜீப்பைப் பின்னால் ஏற்றினான். மேட்டில் நின்றதும் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து விம்மினான். தீர்ந்தது, சொல்லிவிட்டேன், தீர்ந்தது என்று மட்டுமே மனசுக்குள் ஓடியது.

பின்சீட்டில் கனிஷ்கா ஜன்னல் கண்ணாடியை இறக்குகிற சத்தம் கேட்டது. அவன் தலை தூக்குவதற்குள் அவள் தண்ணீரைப் பார்த்துக் கையாட்டிவிட்டாள்.

"போயிட்டு வாரேனுங்க அத்தை!"

மோகன்குமாரின் கை அவள் வாயைப் பொத்தப் போனது. எட்டவில்லை.

"யாருகிட்ட கண்ணு சொன்ன?"

"வளையல் போட்டுட்டு நின்னாங்களே, அந்த அத்தைங்க. மறுபடி எப்ப வருவேன்னு கேட்டாங்க."

மறுநாள் கடையைத் திறக்கச் சொல்லி, கயிற்றோடு வின்ச்சைக் கழற்றி பஷீரிடமே கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து கீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. எழுந்துபோய் மகளைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கீதாவின் குரல் கேட்டு ஓடினான். கனிஷ்காவின் அறை ஜன்னல் கம்பியில் அந்தக் கொக்கி மாட்டியிருந்தது. ஈரமாக, பாசி ஒட்டியிருந்தது. ஆரஞ்சுக் கயிறு சுவரில் இறங்கி, வாசலைத் தாண்டி, தோப்புக்குள் புகுந்து, வாய்க்கால் இருக்கும் திசையில் கண்ணுக்கு எட்டின மட்டும் போனது.

பஷீருக்குப் போன் போட்டான்.

"வின்ச் என் கண்ணு முன்னாலதானுங்க இருக்குது" என்றார் பஷீர். "டிரம்முல கயிறைத்தான் காணோம். நீங்க வந்து எடுத்துட்டுப் போனீங்களா?"

அரிவாளை எடுத்து வெட்டினான். வெட்டிய துண்டையெல்லாம் எரித்தான். புதன்கிழமை காலையில் கொக்கி மறுபடி அதே கம்பியில் இருந்தது. கீதா மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீடு இருக்கும் கொடுமுடிக்குப் போனாள். வியாழக்கிழமை அங்கேயும் ஜன்னலில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மோகன்குமார் கொடுமுடிக்குப் போனபோது, கனிஷ்கா தலை வாரி, பொட்டு வைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கீதா கதவோரம் சுருண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க கண்ணு கெளம்பீட்ட?"

"அத்தை காத்துட்டு இருக்காங்கப்பா."

"போக வேண்டாம் சாமி. அப்பா சொன்னாக் கேப்பீல்ல?"

கனிஷ்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, பயமில்லை. அவன் வளர்த்த அதே பதவிசான பிள்ளை.

"வாரேன்னு சொல்லிப்போட்டுப் போகாம இருந்தா தப்புங்களேப்பா" என்றாள்.

அவளுக்குப் பின்னால், ஜன்னலில் கயிறு மெல்ல விறைத்தது.