பதினோராவது பாஸ்வேர்டு

"உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க மேடம்."

"சொல்ல மாட்டேன்."

பூவிழி நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த சட்டை, தோளில் லேப்டாப் பை... கண்களில் மட்டும் ஒரு குறும்பு. பெயர் இளஞ்செழியன். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பத்திரப்படுத்த நெல்லித்தோப்பிலிருந்து வந்தவன்.

"மானேஜரே கேக்கச் சொன்னாரு..."

"அவர் பாஸ்வேர்ட அவர் சொல்லட்டும். எம்பேர்ல தப்பு நடந்தா ஜெயிலுக்கு நீங்களா போவீங்க?"

அவன் சிரித்துவிட்டான். "பதினோரு பேர்கிட்ட கேட்டேன். பத்து பேர் சொல்லிட்டாங்க, அதுல ஒருத்தர் காலண்டர்லயே எழுதி வெச்சிருக்காரு. இது சோதனைங்க. பாஸானது நீங்க மட்டும்தான்."

சோதனையா! அவளுக்குச் சுருக்கென்றது. "என்னச் சோதிக்க நீங்க யாரு?"

அன்றிலிருந்து அவன் வணக்கத்துக்கு அவள் தலையசைக்கவே இல்லை. அவன் வராத நாளில் மட்டும் வாசலை இரண்டு முறை பார்த்தாள்...

தேங்காய்த்திட்டில் இருக்கிற அந்த இறால் கம்பெனியில் தரம் பார்ப்பது அவள் வேலை. அவள் ஒப்புதல் கொடுத்தால்தான் சரக்கு லாரி ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை, கெட்ட வாடை அடித்த சரக்கை நிறுத்திவைத்துவிட்டு, தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக மறுநாள் லீவு போட்டாள்.

திங்கட்கிழமை வந்தால்... அவள் பெயரைப் போட்டால் கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவனிடம் பாய்ந்தாள். "எம்பேர யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"குடுக்கலங்க, பூட்டினேன். நீங்க லீவுல இருந்தப்ப உங்க பாஸ்வேர்ட மாத்தித் தரச் சொன்னாரு மானேஜர். நீங்க நிறுத்தின சரக்க உங்க பேர்லயே அனுப்பப் பாத்தாரு. மாட்டேன்னுட்டேன். இனிமே வராதன்னுட்டாரு." குரல் தணிந்தது. "உள்ள போய் தொறக்கற பட்டன அமுக்குங்க. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். எங்கிட்டகூடக் காட்டாதீங்க."

அவள் உள்ளே போனாள். எண் வந்தது, பூட்டுத் திறந்தது. மானேஜர் கோவிந்தசாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சரக்கை 'நிராகரிப்பு' என்று பதிந்தாள்.

"வேல போயிடும், தெரியும்ல?"

"போவட்டும் சார். எம்பேரு எங்கிட்டதான் இருக்கும்."

வெளியே மழை விடவில்லை. அவனும் போகவில்லை.

"என் போன் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சு. ஒரு வணக்கம்கூட வரல?"

"வேலைக்காகக் குடுத்த நம்பராச்சே... எப்படி அனுப்புறது? ஆனா, சொல்ல மாட்டேன்னு நிமிந்து பாத்தீங்களே, அன்னிக்கே உங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சு."

பூவிழி குடையை விரித்து அவன் பக்கம் சாய்த்தாள்.

"எனக்கும்தான்... வாங்க. ஆனா பாஸ்வேர்டு மட்டும் கேக்காதீங்க."