ஒரு நிமிடம், நாற்பது விநாடி

போன் அலறியது.

கருமாதிக்குத் தலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. ராஜாத்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"வணக்கம் மேடம். நவயுகா மொபைல்ஸிலிருந்து பேசுகிறோம். எங்களுடைய 'வருஷம் ஒரு புதுசு' திட்டத்தில் பழைய போனைக் கொடுத்துப் புதிய போன் வாங்கியிருக்கிறீர்கள். எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

ராஜாத்தி ஒரு நிமிடத்துக்கு முன்புதான், செத்துப்போன புருஷனின் குரலைக் கேட்பதற்காக அந்தப் புதிய போனைத் திறந்திருந்தாள்.

குரல் இல்லை!

சிம் கார்டிலிருந்து வந்த முத்துவீரனின் பெயர் இருந்தது. எண் இருந்தது. அதற்குக் கீழே, கழுவிக் கவிழ்த்த தட்டைப் போல வெறுமை.

"மேடம்... லைனில் இருக்கிறீர்களா?"

அவள் சரிந்து உட்கார்ந்தாள்.

முத்துவீரன் செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. கம்பம் மெட்டுக்கு மேலே, கேரளத்துப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்தில் அவன் காவலாள். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரின் மாடிப்படிக்குக் கீழே கழுத்து முறிந்து கிடந்தான். அவன் போனும் பக்கத்தில் நொறுங்கி மழையில் ஊறிக் கிடந்தது. மழை, பாசி, வழுக்கல் என்று மூன்றே சொற்களில் எழுதி, மலைமேல் இருந்த கேரளப் போலீஸ் கோப்பை மூடியது.

அன்று காலையில் ராஜாத்தி அவனோடு சண்டை போட்டிருந்தாள். சண்டைக்கு என்ன காரணம் என்பது அவளுக்கே இப்போது நினைவில்லை. சொன்ன சொல் மட்டும் நினைவிருந்தது.

"எங்கண்ணன் நாலு ஜீப்பு ஓட்டுது. நீ ஊரான் மூட்டைக்குக் காவல் காத்தே சாவு."

அவன் சோற்றுத் தூக்கை எடுக்காமல் போய்விட்டான். கோபம் என்றுதான் அவள் நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்?

பதினொன்றே முக்காலுக்கு அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நீளம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ராஜாத்தி திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பிசுபிசுப்பு. திட்டுவதற்காகத்தான் அனுப்பியிருப்பான், சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு மணிக்குச் செய்தி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கேட்டிருக்கலாம். ஆனால், கருமாதி முடிகிறவரை செத்தவர் குரலைக் கேட்கக் கூடாது, கேட்டால் போகிற உயிர் வாசலிலேயே தங்கிவிடும் என்று இழவு வீட்டுப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். போன் வந்து எத்தனை வருஷம், அதற்குள் இந்த விதியை எழுதியது யார் என்று ராஜாத்தி கேட்கவில்லை. அவளுக்கும் பயம். கடைசியாக அவன் சொன்னது வசவாக இருந்துவிட்டால்?

விரல் பலமுறை அந்தப் பதிவின் மேல் போய், தொடாமல் திரும்பியது.

இந்தச் சங்கதியை அவள் ஒரே ஓர் ஆளிடம் சொல்லி அழுதாள். கூடப்பிறந்த அண்ணன் சண்முகராஜிடம். அன்று தேனி ஒர்க்‌ஷாப்பில் ஜீப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவன், தகவல் தெரிந்ததும் ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தவன். பிணத்தை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததும் அவன் ஜீப்தான்.

பன்னிரண்டாம் நாள் அவனே அவளுடைய போனைக் கையில் எடுத்தான்.

"ஒடஞ்ச போன வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குத் தாயி கெடப்ப? அல்லிநகரத்துக் கடையில பழசுக்குப் புதுசு குடுக்கிறாக. உள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே மாத்திக் குடுத்துருவாக."

"அவரு பேசுனது அதுல இருக்குண்ணே."

"அதுக்குத்தானே நானே போறேன்."

போனான். புதுசோடு வந்தான். குரல் வரவில்லை!

ராஜாத்தி வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தாள். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். புகாருக்கு ஏழு. அழுத்தினாள். இருபது நிமிடம் புல்லாங்குழல் வாசித்தது. அதன் பிறகு ஒரு பெண், உங்கள் பேச்சு எங்கள் தரத்தை உயர்த்துவதற்காகப் பதிவு செய்யப்படுகிறது என்றாள்.

ராஜாத்திக்குச் சிரிப்பு வந்தது. அவள் பேச்சைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம்!

கடைக்குப் போனாள். டோக்கன் கொடுத்தார்கள். புகார் எண் கொடுத்தார்கள். மூன்று வேலை நாள் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோது, திரும்ப வாங்கிய போன்களை நசுக்கி உருக்கிவிடுவதுதான் திட்டத்தின் விதி என்றார் மேலாளர். மிகவும் வருந்தினார். வருத்தத்தின் அடையாளமாக ஒரு பிளாஸ்டிக் உறையும் காதில் மாட்டும் ஒயரும் எடுத்து வைத்தார்.

அவற்றை மேசையிலேயே வைத்துவிட்டு ராஜாத்தி படியிறங்கினாள். நேராகத் தேனி நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், வராந்தாவில் உட்கார்ந்து, தன் கையாலேயே புகார் எழுதினாள். நஷ்ட ஈடு எவ்வளவு என்ற இடத்தில், 'என் வீட்டுக்காரர் பேசியது' என்று எழுதினாள்.

சண்முகராஜ் தலையில் அடித்துக்கொண்டான். கம்பெனிக்காரனை எதிர்த்து நம்மால் ஆகுமா என்று கேட்டான். வேறு நல்ல போன் தருவார்கள், வாங்கிக்கொண்டு ஒதுங்கு என்றான். அவள் கேட்கவில்லை.

"கோவத்தோட போனாரா, கோவமில்லாமப் போனாரா? அது ஒன்னு தெரிஞ்சாப் போதும்ணே. அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு, வழக்கைத் தானே கூட இருந்து கவனிப்பதாகச் சொன்னான். அவள் தோட்டத்துக்குப் போன நேரத்தில் தபால் வந்தால் திரும்பிவிடும் என்பதால், கடிதங்களுக்குத் தன் வீட்டு முகவரியைக் கொடுக்கச் செய்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜீப்பிலேயே கூட்டிப்போனான். அண்ணன் இல்லாவிட்டால் தன் கதி என்னவாகியிருக்கும் என்று ராஜாத்தி தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

ஏழு மாதம் ஓடியது.

அந்தத் திங்கட்கிழமை, விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அவன் சொன்னான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ராஜாத்தியின் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. ஆணையத்திலிருந்து.

விசாரணை இன்று!

அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. அவன் வீட்டில் அண்ணியிடம் சொல்லிவிட்டு, கம்பத்தில் பஸ் ஏறினாள். சின்னமனூர் தாண்டியும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. தேதியை மாற்றிப் படித்திருப்பான், பாவம் என்றுதான் எண்ணினாள்.

ஆணையத்தின் தலைவர் ஹேமாவதி, காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் மனிதரைப் பார்க்கும் வழக்கமுள்ளவர். கம்பெனியின் பதில் மனுவைப் படித்தீர்களா என்று கேட்டார். அப்படி ஒன்று வரவே இல்லை என்றாள் ராஜாத்தி.

ஹேமாவதி தபாலைப் பெற்றதற்கான ஒப்புகை அட்டையைத் திருப்பினார்.

"வந்திருக்கிறது. சண்முகராஜ் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். யார் அவர்?"

"நாந்தான்யா... நாந்தான்மா."

வாசலில் சண்முகராஜ். முகமெல்லாம் வேர்வை. கம்பத்திலிருந்து ஜீப்பை விரட்டி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

கம்பெனி வக்கீல் சுரேஷ்கண்ணன் எழுந்தார். இளைஞர், இன்றைக்கே ஜெயித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. தன் கட்சிக்காரர் மேல் எந்தக் குறையும் இல்லை என்று தொடங்கி, ஒரு படிவத்தை நீட்டினார். 'பழைய தகவல்களை மாற்ற வேண்டாம். என் கண் முன்னாலேயே அழிக்கவும்.' எதிரே ஒரு டிக். கீழே சண்முகராஜின் கையெழுத்து.

ராஜாத்தி திரும்பினாள்.

சண்முகராஜ் அழுதான். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, எங்கேயோ டிக் போட்டுவிட்டேன், தங்கச்சி மனசு தாங்காது என்றுதான் தபாலையும் மறைத்தேன் என்று விம்மினான். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ராஜாத்தி எழுந்து போய் அவன் தோளைத் தொட்டாள்.

"விடுண்ணே. தெரியாமச் செஞ்சதுக்கு என்ன பண்ண முடியும்."

விஷயம் அத்துடன் முடிந்திருக்கும்.

சுரேஷ்கண்ணனுக்கு அது போதவில்லை. தெரியாமல் செய்தது என்று பதிவாகிவிட்டால், விளக்கிச் சொல்லாதது கடையின் குறையாகிவிடுமே! எனவே கையோடு கூட்டிவந்த சாட்சியை எழுப்பினார். கடையில் வேலை பார்க்கும் பெண். பெயர் சிம்ரன். இருபத்திரண்டு வயது.

சண்முகராஜின் அழுகை சட்டென்று நின்றது.

படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டினாயா என்று வக்கீல் கேட்டார். காட்டினேன் என்றாள். அவருக்குப் புரிந்ததா என்று கேட்டார்.

"புரிஞ்சது சார். புரியாம இருக்காது. மொதல்ல ஒரு வாய்ஸ் மெசேஜ போட்டுக் கேட்டாரு. அந்தப் போன்ல காதுல வச்சுக் கேக்குற ஸ்பீக்கர் போயிருச்சு. சத்தமாத்தான் கேக்கும். மூணு தடவ போட்டாரு. இத மட்டுமாவது மாத்தித் தரட்டுமாண்ணேன்னு நானே கேட்டேன். வேணாம், இதத்தான் மொதல்ல அழிக்கணும்னு சொன்னாரு."



ஹேமாவதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பதிவில் என்ன இருந்தது? நினைவிருக்கிறதா?"

"மூணு தடவ கேட்டேன்ல மேடம். அன்னிக்கே வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்டச் சொன்னேன். இப்படியும் ஒரு வீட்டுக்காரரு பேசுவாகளான்னு." சிம்ரன் ராஜாத்தியைப் பார்த்தாள். "நீங்கதான் அந்த ராசாத்தியாக்கா?"

ராஜாத்தி தலையை ஆட்டினாள்.

சிம்ரன் மெதுவாகச் சொன்னாள். பாடம் ஒப்பிப்பது போல, ஒரு சொல்லையும் விடாமல்.

"ஏ ராசாத்தி, கேக்குதா? இங்கன மழ நிக்கவே இல்ல. காலைல நீ பேசுனதுக்கு எனக்குக் கோவம் ஒன்னும் இல்ல. சோத்துத் தூக்க மறந்து வச்சுட்டு வந்துட்டேன். பசிக்கிறப்பத்தான் தெரிஞ்சது. கோவத்துல வச்சுட்டுப் போயிட்டேன்னு நெனச்சு நீ சாப்பிடாமக் கெடக்காத..."

ராஜாத்தி புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

மறந்துவிட்டான்! ஏழு மாதமாக அவள் எந்தத் தூக்கை நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாளோ, அதை அவன் வெறுமனே மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அவ்வளவுதானா?" என்றார் ஹேமாவதி.

"இல்ல மேடம். அப்புறம் கொரலக் கொறச்சுப் பேசுனாக. அது எனக்கு வெளங்கல. 'ஸ்டோர்ல மூட்டை எப்படிக் கொறையுதுன்னு இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. உங்கண்ணன் ஜீப்பு பின்வாசல்ல நிக்குது. மச்சானே ஏத்திக்கிட்டு இருக்காக. நீ பதறாத. மொதலாளிகிட்டச் சொல்ல மாட்டேன். உன் பொறந்த வீட்டுப் பேரு கெடக் கூடாது. எறக்கி வச்சுட்டுப் போங்கன்னு தன்மையாச் சொல்லிட்டு வாரேன்.' அதோட முடிஞ்சிருச்சு."



தான் என்ன சொல்லிவிட்டோம் என்று சிம்ரனுக்குத் தெரியவில்லை. சுரேஷ்கண்ணனுக்குத் தெரிந்தது. அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

ராஜாத்தியின் கை இன்னும் அண்ணனின் தோள்மேல்தான் இருந்தது. அதை எடுத்தாள். கத்தவில்லை.

"அன்னிக்குத் தேனி ஒர்க்‌ஷாப்புல இருந்தேன்னு சொன்னியேண்ணே."

சண்முகராஜ் ஓர் அடி பின்வாங்கினான்.

"தள்ளணும்னு நெனைக்கல தாயி. படியில வந்து கையப் புடிச்சாரு. ஒதறுனேன்... மழ..."

"நெசந்தான். மழன்னுதான் எழுதியிருக்கு."

அவள் அதற்குமேல் அவனைப் பார்க்கவே இல்லை.

ஹேமாவதி மீண்டும் பேனாவை எடுத்தார். கொலையை விசாரிக்க இந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. இங்கே பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் பதிவாகி, இரு மாநிலப் போலீசுக்கும் இன்றே போகும் என்றார். வாசலில் இருந்த ஏட்டுக்குச் சைகை காட்டினார். பிறகு, குரலைத் தாழ்த்தி, கம்பெனிக்கு எதிரான புகார் இனி நிற்காது அம்மா என்றார்.

கம்பெனி ஜெயித்துவிட்டது! சுரேஷ்கண்ணனுக்குக் கை கொடுக்க ஆள் இல்லை. அவரும் கையை நீட்டவில்லை.

ராஜாத்தி சிம்ரனிடம் போனாள். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கம்பெனி எத்தனையோ போன்களை நசுக்கி உருக்கியிருக்கும். அவள் புருஷனின் கடைசிச் சொற்கள் தங்கியிருந்தது, இந்தப் பிள்ளையின் நெஞ்சில் மட்டும்.

"மொத வார்த்தைய மட்டும் இன்னொரு தடவ சொல்லுத்தா."

"ஏ ராசாத்தி, கேக்குதா?"

"கேக்குது," என்றாள் ராஜாத்தி. "கேக்குதுய்யா. கேக்குது."

ஹேமாவதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டிய அவசியம் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சண்முகராஜ் சுவரோரமாக நகர்ந்து வாசலுக்கு வந்திருந்தான். சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து, பதற்றமாக எதையோ தட்டத் தொடங்கினான்.

ஏட்டு அம்மாவாசியின் கை குறுக்கே வந்து, அதை லாகவமாகப் பிடுங்கிக்கொண்டது.

"பழசக் குடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. எங்க திட்டத்துல எதையும் அழிக்க மாட்டோம்... உள்ள இருக்கிறது அம்புட்டையும் அப்படியே மாத்தி எடுத்துக்கிருவோம்."