டிமிஷ்வாரா மேடையில் தொலைந்த கார்டு

மாலை 3.40.

"கார்டைக் காணோம்!"

மேடையிலிருந்து ஹோரியா கத்தினான். டிமிஷ்வாரா நகரின் பழைய ஆலைக் கூடத்தில் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. எலெக்ட்ரானிக் சோல் இசைக்கும் ஜோடி அது. இலிங்கா பாடுவாள். கீபோர்டு, அதிலேயே இடக்கையால் பாஸ், டிரம்பெட் எல்லாம் ஹோரியா. முன்பே பதிவு செய்த தாளம் மட்டுமே மெமரி கார்டிலிருந்து வரும், மற்றதெல்லாம் அவன் கையால் என்பதுதான் அவர்களுடைய பெருமை.

கூடத்தின் ஒலிப் பொறுப்பாளர் சாண்டா கதவைச் சாத்தினாள்.

"கடைசியா எப்ப பார்த்த?"

"ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் ரெண்டு கையாலயும் வாசிச்சுப் பழகினேன். அப்ப இருந்துச்சு."

உண்மைதான். பக்கத்து அறையில் இருந்த சாண்டாவுக்கு பாஸ் சுவரை அதிரவைத்தது கேட்டிருந்தது.

"அப்புறம்?"

"காபி குடிக்கப் போனேன். மூணரைக்குத் திரும்பினேன். நடுவுல இங்க இலிங்கா மட்டும்தான்."

இலிங்காவின் முகம் வெளுத்தது. தனியாகப் பாட அழைப்பு வந்திருப்பதை நேற்றுதான் அவள் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"என்னையா சொல்ற?"

ஹோரியா தரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்லவில்லை.

"சரி, தாளம் போனா போகட்டும். நீ பாஸ் வாசி, நான் கைதட்டிப் பாடுறேன்," என்றாள் அவள்.

"முடியாது. ரத்து பண்ணிடலாம்."

3.55. சாண்டா மேடையேறினாள். மதியம் ஒரு மணிவரை கூரையில் பூச்சு வேலை நடந்ததால் எங்கும் வெள்ளைத் தூசி. கீபோர்டின் மேல் குனிந்து பார்த்தாள். பிறகு நிகழ்ச்சியைப் படமெடுக்க வந்திருந்த டிவிக்காரரிடம் திரும்பினாள்.

"கேமரா எங்க?"

"நேரா அவர் கைக்கு மேல. அவர் திரும்பி வந்தப்பதான் நானும் வந்து மாட்ட ஆரம்பிச்சேன்."

4.05.

"கார்டை எடுத்தது நீதான் ஹோரியா."

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

"வலப்பக்கக் கட்டையெல்லாம் சுத்தமா இருக்கு. பாஸ் வாசிக்கிற இடப்பக்கம் தூசி கலையவே இல்ல. ஆனா ஒரு மணி நேரம் பாஸ் கேட்டுச்சே! தொடாத கட்டை பாடுமா? பாஸும் கார்டுலதான் இருக்கு. கேமராவைப் பார்த்ததும், இடக்கை வாசிக்காதது தெரிஞ்சிடும்னு பயந்துட்ட."

அவன் டிரம்பெட் பெட்டியைத் திறந்து, துணிக்கடியிலிருந்து கார்டை எடுத்தான்.

"நாலு மாசமா இடக்கையில ரெண்டு விரல் மரத்துப் போச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"விரல் மரத்ததுக்கு உன்கூட உக்காந்து அழுதிருப்பேன்டா," என்றாள் இலிங்கா. "எல்லாரும் என்னைத் திருடியாப் பார்த்தாங்க. வாயே திறக்காம நின்னியே!"

அவன் முகம் காதுமடல்வரை சிவந்திருந்தது.

6.00. அவனே மைக் முன்னால் வந்தான். பாஸ் கார்டிலிருந்து வருவதையும், மதியம் தான் செய்ததையும், யார்மேல் பழி விழ விட்டான் என்பதையும் சொன்னான்.

பிறகு வலக்கையால் மட்டும் வாசித்தான். இலிங்கா அருமையாகப் பாடினாள். ஆனால் கடைசிப் பாட்டுவரை அவன் பக்கம் திரும்பவேயில்லை. கைதட்டல் எழுந்தபோது அவள் வணங்கினாள். அவனால் இருக்கையை விட்டு எழ முடியவில்லை.