உம் வஜ்தியின் ஜாடியில் எலி

சனிக்கிழமை, காலை 9.10.

உம் வஜ்தி அகப்பையை ஜாடிக்குள் விட்டு அள்ளினாள். எண்ணெயில் போட்ட கெட்டித் தயிர் உருண்டைகள், லப்னே, நாலு வந்தன. கூடவே ஒரு வாலும் வந்தது. வாலின் மறுமுனையில் எலி இருந்தது.

முன்னால் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்ற மதாம் கோலெட் போட்ட கூச்சல் சதுக்கத்தின் கடைசிக் கடை வரை கேட்டது. மதாம் கோலெட் சாதாரண வாடிக்கைக்காரி இல்லை. பெய்ரூட்டின் அந்தப் பேட்டையில் சனிக்கிழமைதோறும் கூடும் உழவர் சந்தைக்குத் தலைவி. யார் மேசை போடலாம், யாரை எடுத்துவிடலாம் என்பதெல்லாம் அவள் வாயில்தான் இருந்தது.

அகப்பை கீழே விழுந்தது. உம் வஜ்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நல்ல வேளையாக யாரும் சாப்பிடவில்லை என்று ஒருவர் சொன்னார். அதற்குள் நாலைந்து பேர் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். இந்தப் பிறவிகளுக்கு அருவருப்பும் ஒரு விருந்துதான்.

9.35.

இன்ஸ்பெக்டர் ஹிக்மத் சதுக்கத்தின் எதிர்ப்புறக் காவல் நிலையத்திலிருந்து நடந்தே வந்தார். இருபத்திரண்டு வருஷ வேலையில் விதவிதமான பிணங்களைப் பார்த்தவர். ஆனால் பிணம் எதுவும் தயிருக்குள் கிடந்ததில்லை. தகரத் தட்டில் மல்லாந்திருந்த எலியைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கி, பிறகு குனிந்தார். 

சாம்பல் நிறம். தடித்த உடம்பு. வாய் திறந்திருந்தது. மயிரெல்லாம் எண்ணெயில் ஊறி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மஞ்சளாக, தெளிவாக எண்ணெய் வடிந்து தட்டின் ஓரத்தில் தேங்கியிருந்தது.

பக்கத்தில் ஜாடி. வயிறு பெருத்த கண்ணாடி ஜாடி. உள்ளே உருண்டைகள், அவற்றின் மேல் நாலு விரல் உயரத்துக்கு ஒலிவ எண்ணெய். மலைக் குளிரில் எண்ணெய் நெய்யைப் போல வெளுத்துக் கட்டியிருந்தது. அகப்பை போய்வந்த இடம் மட்டும் குழிந்திருந்தது.

"எத்தனை மணிக்கு ஊர்ல கிளம்பினீங்க?" என்று உம் வஜ்தியைக் கேட்டார்.

"நாலரைக்கு, ஐயா. எங்க மலை ஊர் ஐன் தீப்ல முழங்கால் அளவு பனி. ஜாடி திறந்த வண்டியில வந்துச்சு."

"எலிக்கு முன்னாடி யாருக்காவது வித்தீங்களா?"

"ரெண்டு பேருக்கு. எட்டு மணிக்கெல்லாம் வந்தவங்க. அப்ப ஒண்ணுமில்லை. நல்லாத்தான் அள்ளிக் குடுத்தேன்."

"அடியில கிடந்திருக்கும்!" என்றாள் மதாம் கோலெட். "வீட்டுலயே விழுந்து, நாள் கணக்கா ஊறிக் கிடந்திருக்கு. மயிரைப் பாருங்க இன்ஸ்பெக்டர், எண்ணெய் உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கு."

"கடையை விட்டுப் போனீங்களா?"

"எட்டு இருபதுக்குத் தேவாலயத்துக் கழிப்பறைக்குப் போனேன். வரிசை. கால் மணி ஆச்சு. மூடி போட்டுத்தான் போனேன். பக்கத்துக் கடைக்காரங்க ரெண்டு பேரும் இருந்தாங்களே."

"பதினொரு மணிக்குச் சந்தைக் குழு கூடுது" என்றாள் மதாம். "இவளை எடுத்துடுவோம். இந்த நாத்தத்தை வெச்சுக்கிட்டுச் சந்தை நடத்த முடியாது."

உம் வஜ்தி அழவில்லை. "எட்டு ஆடு வெச்சிருக்கேன், ஐயா. இந்த மேசை போனா அதுங்களை வித்துட்டு, இந்தம்மா மாதிரி ஒருத்தங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்" என்றாள்.

ஹிக்மத் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே கால் மணி நேரம் இருந்தது.

9.50.

வலப்பக்கத்துக் கடை ஷிப்லியுடையது. கீரைக்காரக் கிழவன். மேசையை அரை அடி தள்ளிப் போட்டாள் என்று உம் வஜ்தியோடு மூன்று வாரமாகச் சண்டை.

"அவ ஜாடியைத் தொட்டீங்களா?"

"நானா? என் கையைப் பாருய்யா." இரண்டு கையும் முழங்கை வரை சேறு. "இந்தக் கையால தொட்டிருந்தா ஜாடியில கீரையே முளைச்சிருக்கும்."

"அவ மேல கோபம்தானே?"

"இருக்கு. ஆனா கையில ஒரு எலி கிடைச்சா அதை அவகிட்ட விட்டு வீணாக்குவேனா? மதாம் பைக்குள்ளதான் விடுவேன்."

ஜாடியில், மூடியில் எங்கும் சேறில்லை. ஹிக்மத் அதைக் குறித்துக்கொண்டார்.

10.05.

இடப்பக்கத்தில் மல்ஹம். கழுத்தில் கம்பளித் துணி, பேச்சில் பதவிசு. மேசை நிறைய ஒலிவ எண்ணெய்ப் புட்டிகள் வெயிலில் பொன்னாக மின்னின. ஊற்றிக் கொடுக்கிற வேலை மேசைக்குப் பின்னால், தரை வரை தொங்கும் துணியின் மறைவில் நடந்தது. சந்தையிலேயே நீண்ட வரிசை அவன் கடைக்குத்தான். ஒரு கிண்ணத்தில் எண்ணெய், பக்கத்தில் ரொட்டித் துண்டுகள். தொட்டு ருசி பார்த்துவிட்டு வாங்கலாம்.

"நீங்க எந்த ஊரு?"

"நானும் ஐன் தீப்தான் சார். எங்க சொந்தத் தோட்டத்து எண்ணெய். அவ வண்டிக்குப் பின்னாலதான் என் வண்டி. விடியக்காலைல ஒண்ணாத்தான் இறங்கினோம். திறந்த வண்டி, கை விறைச்சுப் போச்சு."

"அவகூட ஏதாவது தகராறு?"

"ச்சே ச்சே. பாவம், தனியா இருக்கிறவ. வீட்டுல சுத்தம் கொஞ்சம்... வேண்டாம், நான் சொல்லக் கூடாது. ஒரு துண்டு தொட்டுக்கங்க சார்."

கிண்ணத்தைப் பார்த்ததும் தட்டில் வடிந்த எண்ணெய் நினைவுக்கு வந்தது. ஹிக்மத் வேண்டாமென்று கையசைத்தார். மதாம் கோலெட்டுக்கு அந்தத் தயக்கமில்லை. படபடப்பு அடங்கவேண்டும் என்று மூன்றாவது துண்டைத் தொட்டு வாயில் போட்டாள்.

"எண்ணெய்னா இப்படி இருக்கணும் இன்ஸ்பெக்டர், கண்ணாடி மாதிரி. அவளோடதைப் பாருங்க, கொழுப்பைக் கலந்த மாதிரி."

"போன வாரமே நான் மதாம்கிட்ட இவர் எண்ணெயைப் பத்தி ஒண்ணு சொன்னேன்" என்று உம் வஜ்தி ஆரம்பித்தாள். "இன்னைக்குக் கூட்டத்துலயும் எல்லார் முன்னாலயும்..."

"பொறாமைப் பேச்சு!" என்று மதாம் அவள் வாயை அடைத்தாள். மல்ஹம் புட்டி ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தான்.

10.40.

ஹிக்மத் எலியிடம் திரும்பிப் போனார். போக மனமில்லை, ஆனாலும் போனார். மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, குச்சியால் அதைப் புரட்டி, வயிற்று மயிரை அழுத்தினார். மஞ்சள் எண்ணெய் பிதுங்கி ஓடியது. பிறகு ஜாடிக்குள் சுத்தமான கரண்டியைச் செருகினார். அடி வரை வெள்ளைக் கட்டி. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

குச்சியை எறிந்துவிட்டு, சந்தையில் ஒலிவ எண்ணெய் விற்ற மற்ற கடைகளுக்கெல்லாம் ஒரு நடை போய்வந்தார். மலையிலிருந்து வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேர் புட்டியிலும் வெள்ளைக் கட்டி.

10.55.

"எல்லாரும் கிட்ட வாங்க" என்றார். "மதாம், எலி நாள் கணக்கா ஜாடியில ஊறினதுன்னு சொன்னீங்க. அப்படி ஊறியிருந்தா, ராத்திரிக் குளிர்ல எண்ணெயோட சேர்ந்து அதுவும் கட்டியிருக்கணும். மயிர்க்கால் ஒவ்வொண்ணுலயும் வெள்ளை அப்பியிருக்கணும். இதுல அப்படி எதுவும் இல்லை. மேலோட்டமா ஒட்டினதைத் தவிர, உள்ள இறங்கினது பூரா தண்ணி மாதிரி ஓடுற எண்ணெய். இந்த ஜாடியில ஓடுற எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது."

கூட்டம் ஜாடியைப் பார்த்தது.

"எலியை வேற எண்ணெயில ஊற வெச்சு, அவ கழிப்பறைக்குப் போன கால் மணியில இதுக்குள்ள அழுத்தியிருக்காங்க. காஞ்ச எலியைப் போட்டா இப்பத்தான் போட்டதுன்னு தெரிஞ்சிடும்னு ரொம்பச் சாமர்த்தியமா யோசிச்ச ஆள். ரெண்டு பேருக்கு அள்ளினதுல மேல் எண்ணெய் ஏற்கெனவே கிளறியிருந்தது. அதனால புதுசா அழுத்தினது தெரியலை. இன்னைக்கு இந்தச் சந்தையில உறையாத எண்ணெய் யார்கிட்ட இருக்கு?"

 பொன்னாக மின்னிய புட்டிகளின் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது.

"அவ வண்டிக்குப் பின்னாலதான் உன் வண்டின்னு நீயே சொன்ன, மல்ஹம். அதே பனி, அதே குளிர். அவ எண்ணெய் கட்டிப்போச்சு, உன்னுது கட்டலை. ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. இது மலையிலேருந்து வரலையா, இல்லை ஒலிவ எண்ணெயே இல்லையா?"

"சார், என் எண்ணெய் உயர்ந்த ரகம்..."

"உன் எண்ணெய் ஒருநாளும் உறைஞ்சதில்லை. அதனால எண்ணெய் உறையும்ங்கிறதே உனக்கு மறந்துபோச்சு."

ஹிக்மத் மேசைத் துணியைத் தூக்கினார். அடியில் வாயகன்ற தகர டின் ஒன்று. பாதிக்கு மேல் எண்ணெய். உள்ளே கிடந்த புனலின் ஓரத்தில் சாம்பல் நிற மயிர் பத்துப் பதினைந்து ஒட்டியிருந்தது.

"இதுலதானே ஊற வெச்ச?"

மல்ஹமின் முகம் செத்துப்போயிருந்தது. "கிடங்குல பொறியில மாட்டினது, சார். என் எண்ணெய் கலப்படம்னு அவ கூட்டத்துல பேசிட்டா என் பிழைப்பு போயிடும்னு..."

"ஊற வெச்ச எண்ணெயை ஏன்யா கொட்டலை?"

மல்ஹம் தரையைப் பார்த்தான். "அரை டின் எண்ணெய் சார். கொட்ட மனசு வரலை."

"காலையிலேருந்து இதுலேருந்துதான் புட்டிக்கு ஊத்துறியா?"

மல்ஹம் டின்னைக் காலால் உள்ளே தள்ளினான்.

"அந்தக் கிண்ணத்துக்கும்?"

மதாம் கோலெட்டின் வாயில் நாலாவது துண்டு இருந்தது. அதைத் துப்பினாள். பிறகு ஷிப்லியின் கீரைக் கட்டுகள் மேலேயே வாந்தி எடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் புட்டிகளைப் போட்டு உடைத்தார்கள். ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். செல்போன்கள் அப்போதும் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. சீ என்றிருந்தது ஹிக்மத்துக்கு. எலி எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

11.20.

மல்ஹமைக் கொண்டுபோய்விட்டார்கள். மதாம் கோலெட் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, மேசை உனக்குத்தான், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே என்றாள்.

"மேசையை எடுத்துக்கறேன், மதாம்" என்றாள் உம் வஜ்தி. 

ஜாடியை இடுப்பில் ஏந்திக்கொண்டு சாக்கடை வாய்க்குப் போனாள். எட்டு ஆட்டின் மூன்று வாரப் பால் அதில் இருந்தது. ஹிக்மத் ஒரு கை பிடித்தார். ஜாடியைச் சரிக்கப்போகும் நேரத்தில், கோட்டும் தொப்பியும் போட்ட பெரிய மனிதர் ஒருவர் அவசரமாக ஓடி வந்தார். எலியை முதலில் படம் பிடித்தவர் அவர்தான்.

"கொஞ்சம் நில்லும்மா. எலி மேலதானே கிடந்தது? அடியில இருக்கிறது நல்லாத்தான் இருக்கும். பாதி விலைக்குக் குடேன்."

உம் வஜ்தி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"எங்க ஊர்ல இதை நாய்க்குக்கூடப் போட மாட்டோம், ஐயா" என்று சொல்லிவிட்டு, ஜாடியைக் கவிழ்த்தாள்.