முதுகு காட்டி வரும் படகு

பஞ்சுக் குச்சி உப்புக் கரித்தது.

ஃபெம்கே அதை வாயிலிருந்து எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடங்களாகப் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவள் அவள். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தின் மேல் மெல்ல உருட்டினால் நூற்றாண்டு அழுக்கும் கரைந்து வரும். எச்சிலின் பதம் எந்த மருந்துக்கும் வராது. உருட்டிய குச்சியைத் திரும்ப வாயில் வைக்கக் கூடாது என்பதுதான் தொழிலின் முதல் பாடம். ஆனால் நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவளின் கை எங்கே போகிறது என்று யார் பார்த்துச் சொல்வது? நான்கு நாளாகவே அது தவறிக்கொண்டிருந்தது. புகையும் பழைய மெழுகும் கசந்திருக்க வேண்டிய வாயில் கடல் கரித்தது.

ஹார்லிங்கன் துறைமுகத்தில், ஊர்க் காட்சியகத்தின் மாடிப் பின்னறை அது. தாங்கியில் நின்ற படம் இரண்டு ஆள் அகலம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கடற்போர். டச்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் ஒன்றின் விலாவில் ஒன்று மோதி எரிந்துகொண்டிருந்தன. அதன் மேல் நூல் கட்டி நாற்பத்தெட்டுக் கட்டங்களாகப் பிரித்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் முடித்ததும் குறிப்பேட்டில் தேதி போடுவாள்.

கதவருகே காவலாளி டௌவே மேலங்கியை மாட்டியபடி நின்றார்.

"ஏம்மா, இன்னும் கப்பற்படையைத் துப்பித் துப்பித்தான் கழுவுறியா? ஒரு வாளி தண்ணி கொண்டாந்து தரட்டுமா?"

"உங்க எச்சில் மட்டும் வேணாம். அதுல இருக்கிற சாராயத்துக்குக் கப்பல் இன்னொரு தரம் பத்திக்கும்."

சிரித்தார். பிறகு அவள் இருமுவதைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "இந்த இருமல் நல்லால்லியே. வீட்டுல பாத்துக்க ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

பொய். பதினோரு வருடமாக அந்த வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் கழுவப்படுகிறது.

"நாளைக்குத் திங்கள், காட்சியகம் மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை பாக்கலாம். சீக்கிரம் கிளம்பு, என்ன?" மரப்படிகளில் அவர் காலடி இறங்கியது. கீழ்க்கதவு சாத்தப்பட்டது. மணி நான்கு, பனிக்காலத்து வெளிச்சம் சன்னலில் ஏற்கெனவே சாம்பலாகிக்கொண்டிருந்தது.

அவள் நாற்பத்தோராம் கட்டத்தைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அங்கே ஓர் அலை இருந்தது. மற்ற அலைகளைப் போல் இல்லாமல் மங்கலாக, அவசரமாகப் பூசியது போல இருந்தது. எச்சில் பட்டதும் அது கரைந்து வந்துவிட்டது. பின்னாளில் யாரோ எதையோ மூடுவதற்குப் பூசிய சாயம். அடியில் ஒரு சிறு படகு இருந்தது. அதில் ஆறு பேர், துடுப்போடு. ஆறு முதுகுகள். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைத்தான் காட்டுவான். ஆகவே படகு போரை விட்டு விலகி, படம் பார்க்கிறவரை நோக்கி வருகிறது. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை என்று குறித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அளந்தபோது மூன்று. தன் அளவில்தான் பிழை என்று நினைத்தாள். சனிக்கிழமை இரண்டு.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. ஏனென்றால் காலையில் வந்ததும் அந்த முதுகுகளுக்கு அவள் வணக்கம் சொல்லத் தொடங்கியிருந்தாள். யாரோ தன்னை நோக்கி வருவது எத்தனை காலத்துக்குப் பிறகு!

இருமலும் அதே வியாழக்கிழமை தொடங்கியதுதான். ஈரமான இருமல். கைக்குட்டையில் சளி இல்லை, தெளிந்த உப்புத் தண்ணீர்.

இப்போது அளந்தாள். ஒரு விரற்கடை.

வெளியே நங்கூரமிட்ட படகுகளின் கயிறுகள் காற்றில் பாய்மரங்களைத் தட்டிக்கொண்டிருந்தன. தீவுக்குப் போகும் கப்பல் ஒருமுறை ஊதிவிட்டு அடங்கியது. அந்த அடக்கத்துக்குள்ளிருந்து, அறைக்குள்ளிருந்தே, நனைந்த மரம் மரத்தில் உரசுகிற மெல்லிய முனகலும் அதைத் தொடர்ந்து தண்ணீரில் ஏதோ ஆழ இறங்கும் சத்தமும் கேட்டன. மூச்சை இழுத்தாள், முனகல். விட்டாள், தண்ணீர். இழுத்தாள். முனகல்.

மூச்சை அடக்கினாள்.

சத்தம் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. துடுப்பு வலிப்பது அவள் நெஞ்சு.

மூடிவிட வேண்டும். முன்பு யாரோ மூடியது போல. சாம்பல் நீலத்தை அவசரமாகக் குழைத்துப் படகின் மேல் இழுத்தாள். சாயம் ஒட்டவில்லை. படத்தின் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நீலம் வழிந்து தரையில் விழுந்தது. அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஒரு மூச்சு விட்டாள். துடுப்பு ஒருமுறை வலித்தது. முதுகுகள் பெரிதாயின. சட்டைத் தையல் தெரிந்தது.

கதவுக்கு எட்டு அடி. ஓடிவிடலாம். மூச்சு விடாமல் ஓடினால் போதும்.

வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்று. இரண்டு. தரை வழுக்கியது. மூன்று. மார்புக்குள் தண்ணீர் தளும்பியது. நான்கு. வேண்டாம். இப்போது வேண்டாம்.

ஐந்தாவது அடியில் இருமல் வந்தது.

இருமல். துடுப்பு. இருமல். துடுப்பு. மண்டியிட்டு விழுந்தாள். விரல்களுக்கிடையே உப்புத் தண்ணீர் கொட்டியது. நிறுத்த முடியவில்லை.

பின்னால் மரத்தில் மரம் மோதியது. துடுப்புகளைத் தூக்கி உள்ளே வைக்கும் சத்தம், ஆறு முறை.

திரும்பக் கூடாது. திரும்பினாள்.

அவர்களும் திரும்பிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, சாவகாசமாக. அவர்களின் முதுகைத் தவிர வேறெதையும் ஓவியன் தீட்டியிருக்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக வெறும் துணியின் நூலிழைகள் மட்டும், ஈரத்தில் கறுத்து, அவள் மூச்சுக்கேற்ப உள்வாங்கிப் புடைத்துக்கொண்டிருந்தன. நடுப் பலகையில் இருந்த இருவர் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.