நாச்சிகல் குகையின் சிவப்புப் பாதங்கள்

ஆண்டியப்பன் வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றபோது, ஸ்ரனிஸ்லஸ் சைக்கிள் சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். உறையைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று முல்லைத்தீவுக் கரையில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. போன வருஷம் அவர் ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, வீட்டுச் சாமான்களில் பாதி வந்து சேரவில்லை. அந்தப் பேர் மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது.

"ஐயா, வெள்ளிக்கிழமை என்னைய வெளியேத்தப் போறாங்க," என்றார் ஆண்டியப்பன்.

அவ்வளவுதான், ஸ்ரனிஸ்லஸின் தமையன் மகள் ஜெயரூபினி குறிப்புக் கொப்பியோடு ஓடிவந்தாள். விஞ்ஞான ஆசிரியை. யாருக்காவது சிக்கல் என்றால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது. கெட்ட மனம் இல்லை, துப்பறியும் ஆசைதான்.

ஆண்டியப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டக்காட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறி இருபது வருஷம். காட்டோரத்து நாச்சிகல் குகையை விளக்குப் பிடித்துக் காட்டுவது அவர் தொழில். பார்க்க வருகிறவர்கள் அரிசியோ தேங்காயோ கொடுப்பார்கள். குகை வாசலில் கோயில் சபை கொடுத்த குடிசைதான் வீடு. பகைவருக்கு ஒளிந்து குகைக்குள் புகுந்த வன்னி நாச்சியார், சத்தம் கேட்கக்கூடாதென்று தன் சலங்கையைக் கல்லில் நொறுக்கிப் போட்டாளாம். ஆண்டியப்பன் விளக்கைத் தாழ்த்தினால் அந்தத் தூள் நிலமெங்கும் மினுங்கும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"மகளுக்குக் குழந்தை பொறந்துச்சு, புதுக்குடியிருப்புக்குப் போயி அஞ்சு நாள் தங்கிட்டேங்க. திரும்பி வந்து பாத்தா, உள்ள போற மாதிரி செவப்பு செவப்பா பாதம். நாச்சியார் கோவிச்சுக்கிட்டு வந்துட்டாங்களாம். இனி குகைக்குள்ள ஒருத்தரும் போகக்கூடாது, குடிசையக் காலி பண்ணுன்னு சபைத் தலைவர் வீரகத்தி ஐயா சொல்றாரு. நாச்சியார் வந்தா எனக்குச் சந்தோசந்தாங்க. ஆனா நான் எங்க போறது?"

மூவரும் குகைக்குப் போனார்கள். குங்குமத்தில் வரைந்த சின்னச் சின்னப் பாதங்கள் வெறும் கல்லின் மேல் வரிசையாக உள்ளே போயின. ஸ்ரனிஸ்லஸ் விளக்கைத் தாழ்த்தினார். எதுவும் மினுங்கவில்லை. விரலால் கல்லைத் தடவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"நிலம் எப்பவும் இப்படியோ?"

"இல்லீங்க. வௌவால் எச்சம் கணுக்கால் அளவு கெடக்கும்."

"நாச்சியார் கூட்டித் துடைச்சிட்டா போலை," என்றாள் ஜெயரூபினி.

"கூட்டின குப்பை எங்கை பிள்ளை?"

வெளியே வந்து சுற்றிவரத் தேடினார்கள். குப்பை எங்கும் இல்லை. வாசலில் பூவும் குங்குமமும் விற்கும் இராசேஸ்வரி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தா.

"சித்தப்பா, குங்குமம் அவாவிட்டைத்தான் இருக்கு," என்று காதில் சொன்னாள் ஜெயரூபினி.

"ஆக்கள் வராட்டி அவாவின்ர அடுப்பும் எரியாது. தன்ரை வயித்திலை தானே அடிப்பாவோ?"

திரும்பும் வழியில் இருபக்கமும் மிளகாய்த் தோட்டங்கள். போரால் யூரியாவுக்குத் தடை விழுந்து வருஷங்களாகிவிட்டன. செடிகள் மஞ்சள் பூத்துச் சுருண்டு நின்றன. வீரகத்தியின் தோட்டம் மட்டும் கரும்பச்சை. அவர் திருநீறும் சந்தனமுமாக வந்து, பனங்கட்டியோடு தேநீர் கொடுத்தார்.

"நல்ல செழிப்பு. என்ன பசளை போட்டனீங்கள்?"

"மாட்டெருதான். மிச்சம் நாச்சியாரின்ர கிருபை."

ஸ்ரனிஸ்லஸ் குனிந்து ஒரு செடியை மெச்சினார். நிமிரும்போது கைலேஞ்சித் துணியில் ஒரு பிடி மண் இருந்தது.

வெள்ளி காலை குகை வாசலில் சபை கூடியது. ஆண்டியப்பன் தன் சாமான்களை ஏற்கெனவே சாக்கில் கட்டி வைத்திருந்தார். அதைக் கண்ட ஜெயரூபினி கொப்பியை மூடிவிட்டாள்.

ஸ்ரனிஸ்லஸ் ஒரு தேக்கிலையில் மண்ணைக் கொட்டி வெயிலில் பிடித்தார். மண்ணுக்குள்ளே பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

"இந்தக் குகை வௌவால் தின்னுறது வண்டும் பூச்சியும். செமிக்காத ஓடும் செட்டையும் எச்சத்திலை கிடந்து மினுங்கும். இது வீரகத்தியர் மிளகாய்க்குக் கீழை அள்ளின மண். மாட்டெருவிலை இப்பிடி மினுங்காது."

"அப்ப சலங்கைத் தூள்?" என்று இராசேஸ்வரி ஏமாற்றத்தோடு கேட்டா.

"அதை நாச்சியாரிட்டைத்தான் கேக்கவேணும். எச்சம் ஆர் அள்ளினதெண்டு நான் சொல்லுறன். ஆண்டியப்பன் இல்லாத அஞ்சு நாளும் பசளைக்கெண்டு சாக்குச் சாக்காய்ப் போயிருக்கு. அடுத்த போகத்துக்கும் வேணுமெண்டால் இஞ்சை கண் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் பாதம். ஆனால் அள்ளினவர் பக்திமான். நாச்சியாரின்ர பாதத்தை அழுக்கிலை வைக்க மனம் வரேல்லை. கோலத்துக்கு முற்றம் கூட்டுறமாதிரி, கல்லைக் கழுவிப்போட்டு வரைஞ்சிருக்கிறார். வாசலிலை கொஞ்ச எச்சத்தை விட்டு, அதுக்கு மேலை குங்குமம் தூவியிருந்தால் நானும் கும்பிட்டுட்டுப் போயிருப்பன்."

வீரகத்தியின் சந்தனப் பொட்டு வியர்வையில் கரைந்து இறங்கியது.

"எட்டுப் பேர் சாப்பிடுற வீடு," என்றார் கடைசியில். "வேறை என்ன செய்ய?"

"கேட்டிருந்தா நானே அள்ளி மூட்டை கட்டித் தந்திருப்பேங்களே," என்றார் ஆண்டியப்பன்.

"உன்னட்டை வந்து நான் கேக்கிறதோ?"

வாய் தவறி வந்துவிட்ட வார்த்தை. சபையில் பலர் தலை குனிந்தார்கள். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். தடுக்கப்பட்டது யூரியா மட்டும்தான், கேட்கிற வாய்க்கு யாரும் தடை போடவில்லை என்று ஜெயரூபினி நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

ஆண்டியப்பன் சாக்கை அவிழ்த்து, விளக்கை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு வீரகத்தியின் முன்னால் வந்து நேராக நின்றார்.

"சரிங்க. இப்பக் கேளுங்க."

வீரகத்தி தன் தோட்டம் இருந்த பக்கம் பார்த்தார், சபையைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"தாறேன்," என்றார் ஆண்டியப்பன். "எல்லாத் தோட்டத்துக்கும் பங்கு போட்டுத்தான் தருவேன். நீங்க கடைசியா வாங்க."