இரண்டாவது நீள்கட்டை

காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பாகவே தணிகைவேல் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிடுவார். உள்ளே அவருடைய மகள் மதுமிதாவின் வண்டி, நீலமும் வெள்ளையுமான நெகிழிக் கட்டைகளால் கட்டப்பட்டு, இரண்டு சாண் நீளத்தில் நிற்கும். மென்மயிர்த் தூரிகையால் கூரையையும் சக்கர வளைவுகளையும் தூசு தட்டிவிட்டு, கூரையின் நடுவே வலக்கைச் சுட்டுவிரலை ஒரு கணம் அழுத்துவார். உடனே தெருவில் நிற்கும் மெய்யான வண்டியின் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். மூலவுருவைக் கட்டியவரின் விரல் பட்டாலன்றி அன்றைக்கு அவ்வண்டி நகராது. ஒரகடத்தில் எல்லா வீடுகளிலும் பொழுது இப்படித்தான் விடிகிறது.

“அப்பா, இன்னைக்கு எனக்கு லீவுப்பா. சும்மா விளக்க ஏத்தி வச்சிருக்கீங்க,” என்றாள் மதுமிதா, பல் துலக்கியபடியே.

“கை பழகிப்போச்சும்மா.”

“உங்க கை மாதிரி இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? உங்க வண்டியப் பாத்துட்டு எங்க ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் வயிறெரியுறாங்க.”

அவர் பெட்டியை மூடினார். அவ்வண்டியின் தரைத்தளத்தில், முன்னிருக்கைக்கு அடியில், எட்டுக் குமிழ்களையுடைய சாம்பல் நிற நீள்கட்டை ஒன்று இருந்தது. அதைப் பாராமல் பெட்டியை மூடுவதற்கு அவர் சில மாதங்களாகப் பழகியிருந்தார்.

முற்காலத்தில் வண்டிகளை வரைவுப்பொறிகளே வரைந்தன, பொறிகளே வார்த்தன, ஓட்டியவையும் அவையே. ஒரு வண்டி நொறுங்கி மனிதர் இறந்தால், தவறு யாருடையது என்று கேட்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. நிறுவனம் பொறியைக் காட்டிற்று. பொறிக்கோ வெட்கப்படத் தெரியவில்லை. அந்தக் கசப்பிலிருந்து பிறந்ததுதான் கைப்பொறுப்புச் சட்டம். வீட்டில் ஒருவர் தம் கையால், துண்டு துண்டாக, வண்டியின் மூலவுருவைக் கட்ட வேண்டும். வார்ப்பகத்தின் ஊடுநோக்கி அதன் ஒவ்வொரு கட்டையையும் படித்து, கட்டைக்குக் கட்டை உலோகத் தேனடையாகப் பெரிதாக்கி வார்க்கும். அதற்கு எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் கிடைத்த பொருள், முந்திய தலைமுறைப் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்ட நெகிழிக் கட்டைகளே. புதிய நெகிழி செய்வது நின்று நெடுங்காலமாகிவிட்டபடியால், இருப்பவற்றைக் கொண்டே எல்லாரும் கட்டியாக வேண்டும். நீள்கட்டைகள் மிக அரிது.

ஒவ்வொரு கட்டையிலும் கடைசியாக அழுத்திய விரலின் பதிவு நிற்கும். வார்ப்பதற்கு முன்பு வார்ப்பகப் பொறி கட்டியவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கும்: “இது உன் கைதானா?” ஆம் என்றால் வார்த்துவிடும். மூலவுருவில் குறை கண்டாலும் பொறி அதைச் சொல்லக் கூடாது, திருத்தவும் கூடாது. சொன்னால் பொறுப்பு மறுபடியும் பொறியிடம் போய்விடும் என்று சட்டம் இயற்றியவர்கள் அஞ்சினார்கள்.

ஆகையால் மக்கள் தமக்குள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். வார்ப்பகத்துக்குக் கொண்டுபோகும் முன், கைதேர்ந்த ஒருவரிடம் மூலவுருவை ஓரிரு நாள் கொடுத்து வைப்பார்கள். அதற்கு மறுபார்வை என்று பெயர். அந்தத் தெருவில் மறுபார்வை என்றாலே தணிகைவேல்தான்.

வாசலில் நிழல் தட்டியது. எதிர்வீட்டுச் சுலைகா நின்றிருந்தாள்; ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலி.

“உள்ள வாம்மா,” என்றாள் தணிகைவேலின் மனைவி வனஜா.

“இல்லக்கா. கூப்பிட்டுப் போகலாம்னு வந்தேன். வெயில் ஏறுறதுக்குள்ள பிரிப்ப முடிச்சிடணும்னு வார்ப்பகத்துல சொல்லிட்டாங்க. அண்ணன கண்டிப்பா வரச் சொல்லுங்க.”

விபத்தில் சிக்கிய வண்டியின் மூலவுருவைத் தெருவில் வைத்துப் பிரிப்பார்கள். கட்டியவரே வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். அண்டை அயலார் ஒவ்வொருவரும் ஒரு கட்டையைக் கையால் கழற்றி, “என் கையும் தவறும்” என்று சொல்லிப் பொதுக்கூடையில் போடுவார்கள். அத்தோடு அந்தத் தவறு ஊர்த் தவறாகிவிடும். கட்டைகளும் ஊர்க் கட்டைகளோடு கலந்துவிடும். கட்டியவருக்குத் தண்டனை ஒன்றே: அவர் இனி ஆயுள் முழுவதும் எதையும் கட்டக் கூடாது.

“பாய் எப்படிம்மா இருக்காரு?” என்று கேட்டார் தணிகைவேல்.

“அவருக்கென்ன, சிரிச்சிக்கிட்டுதான் இருக்காரு. இனிமே ஒத்தச் செருப்புதான் தேயும், மிச்சம்ங்கிறாரு.” அவள் சிரிக்க முயன்றாள். பிறகு தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். “அண்ணே, நேத்து வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“ஏம்மா?”

“ஊசி போடப் போனா கை நின்னுடுதுண்ணே. மருந்த ஏத்தினேனா, ஏத்தலையான்னு சந்தேகம். கேஸ மூடிட்டுப் படுத்தா மூடலன்னு தோணுது. போய்ப் பாத்தா மூடித்தான் இருக்கு. பாத்ததையும் நம்ப முடியல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அடித்தளத்துல ரெண்டு நீள்கட்டை வச்சேன்னுதான் எனக்கு இன்னமும் ஞாபகம் சொல்லுது. ஆனா ஒண்ணுதான் இருக்கு. இருக்கறத வச்சுத்தான பேச முடியும்? என் கைதான் அவரு கால எடுத்திருக்கு.”

அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் ஞாபகம் சரியாகத்தான் சொல்லிற்று. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவள் மூலவுருவை மறுபார்வைக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது, முன்னிருக்கையின் கீழ் இரண்டு நீள்கட்டைகள் அருகருகே இருந்தன. அப்போது தணிகைவேல் மதுமிதாவுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வண்டியில் அதே இடம் திறந்து கிடந்தது. ஊரெல்லாம் தேடியும் நீள்கட்டை அகப்படவில்லை. வார்ப்பகத்தில் அவருடைய முறை நெருங்கிவிட்டது. ஒன்றே போதுமான இடத்தில் இந்தப் பெண் பயந்துபோய் இரண்டு வைத்திருக்கிறாள் என்று அவர் எண்ணினார். தேர்ந்த கைகளுக்கே உரிய எண்ணம் அது. ஒன்றை எடுத்துத் தம் வண்டியில் பொருத்தினார். மாலையில் அவளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் வந்து வாங்கிக்கொண்டு, அன்றைக்கே வார்ப்பகத்துக்குப் போய்விட்டாள். “அண்ணன் பாத்துட்டாருல்ல, அது போதும்க்கா” என்று சொன்னாளாம். “இது உன் கைதானா?” என்று பொறி கேட்டபோது ஆம் என்றாளாம்.

அவள் வண்டி நன்றாகவே ஓடியது. ஓட ஓட, சொல்ல வேண்டிய வேளையும் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒருநாள் வல்லக்கோட்டைத் திருப்பத்தில் முன்தளம் மடிந்து, அவள் கணவர் ஹமீதின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வார்ப்பகத்து ஆய்வில் கண்டது ஒரு வெற்றிடம். சுற்றியிருந்த கட்டைகளில் எல்லாம் சுலைகாவின் விரற்பதிவு. இல்லாத கட்டையில் யார் பதிவைத் தேட முடியும்?

மருத்துவமனையில் ஹமீது கிடந்த நாளெல்லாம் தணிகைவேல்தான் உடனிருந்தார். கஞ்சியை ஊட்டிவிட்டார். தெருவே அதைப் பாராட்டியது.

“என்ன யோசனை?” என்றாள் வனஜா. அவளுக்கு மட்டும் அது தெரியும்; விபத்து நடந்த அன்றே சொல்லியிருந்தார். “பிரிச்சிட்டா எல்லாம் கலந்துடும். அதோட விட்டுடுங்க.”

“அவ வேலைய விட்டுட்டா வனஜா.”

“இப்பச் சொன்னா என்ன, அவருக்குக் கால் முளைக்கவா போவுது? நம்ம வீட்ல கட்ட இருக்கக் கூடாதும்பாங்க. மதுவோட வண்டி போயிடும். மூலவுரு கலைஞ்சா வண்டி அந்த நிமிஷமே செத்துப்போவும். செங்கல்பட்டு வரைக்கும் அவ என்ன நடந்தா போவா?”

“கால் முளைக்காது. கை?”

“என்ன கை?”

“அவ கையி வனஜா. அத நான் எடுத்து வச்சிருக்கேன்.”

வனஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். போகும்போது, “தெருவுல தலை நிமிந்து நடந்த மனுஷன்,” என்று மட்டும் சொன்னாள். அது தடுப்பதா, இடங்கொடுப்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். வண்டியைக் கவிழ்த்து, மேசை இழுப்பறையிலிருந்து பிரிகோலை எடுத்தார். ஆப்பு முனை கொண்ட சிறு கோல் அது. விரலுக்கு மசியாத கட்டைகளை நெம்புவதற்கு உதவும். சாம்பல் நிறக் கட்டை ஒரு சொடுக்கோடு உள்ளங்கையில் விழுந்தது.

“அப்பா!” என்று சன்னலருகிலிருந்து மதுமிதா கத்தினாள். “வண்டி விளக்கு அணைஞ்சிடுச்சுப்பா! என்னாச்சு பாருங்க!”

“நான்தாம்மா அணைச்சேன்,” என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தெரு நடுவே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். சுலைகாவின் சிவப்பு வண்டி அதன் மேல் நின்றது. வார்ப்பகத்து அலுவலர் கூடையோடு ஒரு பக்கம் அமர்ந்திருந்தார். பிரிப்பில் பிரிகோல் கூடாது, கையால்தான் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். கூரை போயிற்று, கதவுகள் போயின, “என் கையும் தவறும், என் கையும் தவறும்” என்று வரிசை நகர்ந்தது. ஹமீது சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொருவரையும் சீண்டிக்கொண்டிருந்தார்.

“மெதுவாப்பா, மெதுவா. எங்க வீட்டுக்காரி அழுத்தினது. நகம் பேந்தா நான் பொறுப்பில்ல!” என்றார். தணிகைவேலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வாய்யா தணிகை! உனக்குன்னு நல்ல கட்டையா விட்டு வச்சிருக்கேன். இந்த மனுஷன் இல்லன்னா நான் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேந்திருப்பேன் சார்,” என்று அலுவலரிடமும் சொன்னார்.

தணிகைவேல் மேசையருகே வந்தார். இருக்கைகள் கழன்று, தரைத்தளம் வெளியே தெரிந்தது. ஒரு நீள்கட்டை, அதற்குப் பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு பள்ளம். அவர் எதையும் கழற்றவில்லை. மூடிய கையைத் திறந்து காட்டினார்.

“இது இங்க இருந்ததும்மா. ரெண்டாவது. மறுபார்வைக்கு நீ குடுத்தப்ப நான் எடுத்து, மது வண்டியில வச்சுக்கிட்டேன். உன்கிட்ட சொல்லல. பாய் கால் போனதுக்கு அப்புறமும் சொல்லல.”

வரிசையில் யாரோ, “என்னய்யா சொல்றாரு?” என்று கேட்டார், யாரோ அவரை அடக்கினார். ஹமீதின் சிரிப்பு முகத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல வேறொன்றாயிற்று.

“தணிகை,” என்றார். “எனக்குக் கஞ்சி ஊட்டினியேய்யா.”

அலுவலர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, நீங்க சொல்றது இன்னதுன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?” என்றார். “தெரிஞ்சுதாங்க,” என்றார் தணிகைவேல்.

சுலைகா அவரைப் பார்க்கவில்லை. கட்டையையே பார்த்தாள். “நான் ரெண்டு வச்சேன்,” என்றாள், தனக்குத்தானே. பிறகு உரக்க, கணவனை நோக்கி: “நான் ரெண்டு வச்சேங்க!” சட்டென்று அவர் உள்ளங்கையிலிருந்து கட்டையைப் பறித்து, பள்ளத்தில் பொருத்தி, வலக்கைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினாள். விபத்துக்குப் பிறகு அவள் எதையும் அப்படி அழுத்தியதில்லை. கட்டை ஒரு சிறு சத்தத்தோடு உட்கார்ந்தது.

“எடுங்க,” என்றாள் தணிகைவேலிடம். “அன்னைக்கு எப்படி எடுத்தீங்களோ, அப்படியே எடுங்கண்ணே. நான் பாக்கணும்.”

அவர் விரலை வைத்தார். நகம் வழுக்கிற்று. மறுபடியும் முயன்றார், விளிம்பில் பிடிப்புக் கிடைக்கவில்லை. தெரு முழுவதும் பார்த்திருக்க, அவர் நெற்றியில் வியர்வை கோத்தது.

“வரலம்மா.”

“அன்னைக்கு வந்துச்சே?”

“அன்னைக்கும் கையால வரல. பிரிகோல வச்சு, ரெண்டு மூணு தடவ நெம்பித்தான் எடுத்தேன்.”

சுலைகா அவரை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. அதை அவர் எதிர்பார்க்கவுமில்லை.

“அவ்ளோ அழுத்தியா வச்சிருந்தேன்?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

அவள் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனியில் குமிழின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அது மெல்ல மங்கி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து வர வேண்டியவர் வரவில்லை. கூடை அப்படியே இருந்தது. தணிகைவேலின் விரல்கள் மட்டும், எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், இன்னும் அந்தக் கட்டையின் மேலேயே இருந்தன.